சொல் விளக்கம்: ஹிகிகோமோரி

ஜப்பானிய மொழியில் ‘ஹிகு’ என்றால் இழுப்பது, பின்வாங்குவது. ‘கொமோரு’ என்றால் உள்ளே அடைந்துகொள்வது. இரண்டும் சேர்ந்து பிறந்த பெயர்ச்சொல்தான் ஹிகிகோமோரி. பள்ளிக்கோ வேலைக்கோ போகாமல், வீட்டாரைத் தவிர எவரோடும் பழகாமல், ஆறு மாதத்துக்கு மேல் வீட்டோடு கிடக்கும் நிலையை ஜப்பானியச் சுகாதார அமைச்சகத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் இப்பெயரால் குறித்தன. ஆறு மாதம் என்பது தொடக்கக் கோடுதான். இருபது ஆண்டு கடந்தவர்களும் இருக்கிறார்கள்.

கொமோரு பழைய வினை, அதில் இழிவும் இல்லை. கோயிலில் இரவெல்லாம் தங்கி வேண்டிக்கொள்வதற்கு ‘ஓகொமோரி’ என்று பெயர். பனிக்காலத்தில் வீடடங்கி இருப்பது ‘ஃபுயுகொமோரி’. தம்பியின் அடாவடி பொறுக்காமல் சூரியதேவி அமதெராசு குகைக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டு உலகையே இருட்டாக்கிய கதையிலும் இந்த வினை வருகிறது. கோபித்துக்கொண்டவளை வெளியே வரவழைக்க மற்றத் தேவர்கள் வாசலில் கூத்தாடினார்கள், சிரித்தார்கள். நோய் என்று யாரும் சொல்லவில்லை.

இன்றைய பொருள் 1998இல் நிலைபெற்றது. மனநல மருத்துவர் சைதோ தமாகி அந்த ஆண்டு எழுதிய நூல் ‘ஷகாய்தெகி ஹிகிகோமோரி’ (சமூக விலகல்) என்ற தொடரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரே அமெரிக்க மனநலக் கையேட்டில் இருந்த ஓர் அறிகுறியின் பெயருக்குச் செய்த மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்திலிருந்து போன கருத்து ஜப்பானிய உடை உடுத்தி, 2010இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள் திரும்பி வந்தது.

இது நோயா? சைதோவின் கணிப்பில் இது ஒரு நிலை, தனி நோயன்று. மனச்சோர்வு, பிறர் முன் நிற்கும் அச்சம், வளர்ச்சிக் குறைபாடு போன்றவை அதனோடு சேர்ந்திருக்கலாம். சிலருக்கு அவை அடைந்து கிடப்பதாலேயே வருகின்றன.

தொடக்கத்தில் இதை இளைஞர் சிக்கல் என்றே எண்ணினார்கள். 2010இல் அரசு எடுத்த கணக்கு 15 முதல் 39 வயது வரைதான் பார்த்தது. சுமார் 7 லட்சம் பேர் என மதிப்பிட்டது. 40 முதல் 64 வயது வரை உள்ளோரைத் தனியே பார்த்தபோது, 2019இல் வெளியான முடிவு 6.13 லட்சம். அவர்களில் நால்வரில் மூவர் ஆண்கள், முதற்காரணம் வேலையை விட்டது. 1990களில் பொருளாதாரம் சரிந்தபோது படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் நின்ற தலைமுறை இதற்குள் இருக்கிறது. எண்பது வயதுத் தாய் தன் ஓய்வூதியத்தில் ஐம்பது வயது மகனுக்குச் சோறு போடும் அவலத்தை ஜப்பானியர் ‘8050 சிக்கல்’ என்கிறார்கள். மூடிய கதவுக்கு வெளியே அவள் தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். சற்று நேரம் கழித்து வந்து காலித் தட்டை எடுக்கிறாள். வெளியில் சொல்வதில்லை. ‘செக்கென்தெய்’ தடுக்கிறது. அதற்குத் தமிழ் தேடவே வேண்டாம்: நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான்.

ஹிகிகோமோரிக்குத்தான் தேட வேண்டியிருக்கிறது. ‘சமூக விலகல்’ என்பது நேர் மொழிபெயர்ப்பு. ஆனால் கொரோனாக் காலத்தில் ஆறடி தள்ளி நிற்பதற்கு அதைச் செலவழித்துவிட்டோம். ‘முடக்கம்’ என்றால் வெளியார் யாரோ முடக்கியதாகப் படும். ஊரடங்கும் வங்கிக் கணக்கும் நினைவுக்கு வரும். ‘தனிமை’ போதாது, கூட்டத்திலும் தனிமை உண்டு. ‘வீடடைவு’ என்று ஒருவர் சொன்னால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வீடு நமக்கு மோட்சமும் ஆயிற்றே!

எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘உள்ளொடுங்கல்’. ஒடுங்குதல் தானாக நிகழ்வது. ஹிகுவின் பின்வாங்கலும் கொமோருவின் அடைதலும் அதில் இருக்கின்றன. ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்ற குறளில், பாய்வதற்காகப் பின்னே நகரும் ஆட்டுக்கடாவுக்கு ஒப்பிட்டு ஒடுக்கத்தைக் காலம் பார்த்துக் காத்திருப்பதாகவே சொல்கிறார் வள்ளுவர். அந்த நோக்கமும் திட்டமும் இவர்களிடம் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒடுங்கியவர் மீளவே மாட்டார் என்ற முத்திரை அச்சொல்லில் இல்லாதது நல்லது.

ஆளுக்கு மட்டும் இதிலிருந்து பெயர் செய்ய வேண்டாம் என்பேன். ஜப்பானியத்தில் நிலைக்கும் ஆளுக்கும் ஹிகிகோமோரி என்ற ஒரே சொல்தான். 2000இல் பதினேழு வயதுப் பையன் ஒருவன் பஸ்ஸைக் கடத்திக் கொலையும் செய்தபோது, செய்தி ஏடுகள் அந்தப் பெயரைச் சேர்த்தே எழுதின. அறைக்குள் இருந்த அத்தனை பேர்மேலும் பழி படிந்தது. நாமும் தொட்டாற்சுருங்கியைப் போல ‘உள்ளொடுங்கி’ என்று ஒன்றை உருவாக்கினால், மறுநாளே அது வசைச்சொல் ஆகிவிடும். அங்கே அரசு ஆவணங்களே இப்போது ‘ஹிகிகோமோரி நிலையில் இருப்பவர்’ என்று சுற்றி எழுதுகின்றன. ‘அவர் மூன்று ஆண்டுகளாக உள்ளொடுங்கி இருக்கிறார்’ என்று தமிழில் வினையாகவே எழுதலாம்.