எல்லாருக்கும் ஒரே வீட்டுவேலையா?

தரம் 2 கொப்பிகளைத் திருத்துகிற எந்த ஆசிரியரும் இதைக் கண்டிருப்பார். 'மரம்' என்ற சொல்லை இருபது தடவை எழுதி வரச் சொல்லியிருப்போம். பிள்ளை முதலில் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை 'ம' மட்டும் எழுதும். பிறகு மேலே போய் 'ர' வரிசை. கடைசியில் 'ம்' வரிசை. பக்கம் நிறைந்துவிடும், எழுத்தும் குண்டு குண்டாக அழகாக இருக்கும், கொப்பிக்கு 'நன்று' விழும். ஆனால் 'மரம்' என்ற சொல்லை அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட எழுதவில்லை.

திருகோணமலையில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறவர்களுக்கு வகுப்பறையின் கலவையைச் சொல்லத் தேவையில்லை. இரவில் தகப்பன் கடலுக்குப் போய்விடும் திருக்கடலூர்ப் பிள்ளை ஒரு வாங்கில் இருக்கும். தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவுடன் வளர்கிற பிள்ளை பக்கத்தில் இருக்கும். தாய் சிங்களம், தகப்பன் தமிழ் என்று வீட்டில் இரண்டு மொழி கேட்டு வளர்கிற பிள்ளையும் இருக்கும். ஒரு பிள்ளை பத்திரிகையின் சிறுவர் பக்கத்தை உரத்து வாசிக்கும், இன்னொன்று 'ல', 'ள', 'ழ' மூன்றுக்கும் இடையில் இன்னும் தடுமாறும். மணி அடிக்கும்போது இத்தனை பேரின் கொப்பியிலும் கரும்பலகையில் இருந்த அதே பத்துக் கணக்குத்தான் போகிறது.

வீட்டுவேலை எழுதிப் போடுமுன் ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் இந்தப் பிள்ளையால் இதைத் தொடங்க முடியுமா? முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, தொடங்க முடியவேண்டும். முடியாதென்றால் அந்த வேலையை வீட்டில் வேறு யாரோதான் செய்யப்போகிறார்கள்.

கழித்தலில் இது அப்பட்டமாகத் தெரியும். 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் 376 என்று எழுதும் பிள்ளைகள் தரம் 4இலும் உண்டு. அது கவனயீனம் இல்லை. ஒவ்வொரு நிரலிலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கவேண்டும் என்று பிள்ளை தனக்கென்று ஒரு விதி செய்து வைத்திருக்கிறது: 8இல் 2 போக 6, 7இல் 0 போக 7, 4இல் 1 போக 3. விடை 224 வரவேண்டிய இடத்தில் 376 வருகிறது. இந்தப் பிள்ளைக்கு இதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கை வீட்டுக்குக் கொடுத்தால் பிழையான விதி பத்து முறை உறுதிப்படும். மறுநாள் சிவப்புப் பேனையால் பத்துப் பிழை போட்டு என்ன பயன்? அதற்குத் தேவையானது பத்துக் குச்சிகளை றப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஒரு கட்டும், கட்டை அவிழ்த்து எண்ணிப் பார்க்க நேரமும். அது வகுப்பில் ஆசிரியரின் கண்முன் நடக்கவேண்டிய வேலை. பிள்ளைக்குக் கைவந்ததைப் பழகுவதற்குத்தான் வீடு. புதிதாகக் கற்பிக்கும் பொறுப்பை அடுப்படியில் நிற்கும் தாயின் தலையில் கட்டக்கூடாது.

கட்டினால் என்ன நடக்கும் என்பதை ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "ரீச்சர், நான் சொல்லிக் குடுக்க அவ அழுறா. அவ அழ எனக்கும் கோபம் வருது. கடைசியில நானே எழுதிக் குடுத்திட்டன்." அந்தத் தாயில் ஒரு குறையும் இல்லை. வேலை முடிந்து களைத்து வந்தவர், யுத்த காலத்தில் படிப்பை இடையில் விட்டவர். அன்று அந்த வீட்டில் நடந்தது படிப்பு இல்லை. தாயும் மகளும் முகம் பார்க்கக் கிடைத்த ஒரு மணித்தியாலம்தான் வீணானது.

வீட்டுவேலை குறித்து நிறைய ஆராய்ந்த ஹரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க உளவியலாளரின் முடிவுகளைப் பெற்றோருக்கும் சொல்லவேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1989இலும் 2006இலும் அவர் எழுதியவற்றில், வீட்டுவேலைக்கும் பெறுபேற்றுக்கும் உள்ள தொடர்பு மேல்வகுப்புகளில் தெளிவாகத் தெரிகிறது, ஆரம்ப வகுப்புகளில் மிக மெல்லியதாகவே இருக்கிறது. அங்கே நடைமுறையிலுள்ள, அவரும் ஆதரிக்கிற கணக்கு ஒன்று உண்டு: ஒரு தரத்துக்குப் பத்து நிமிடம். தரம் 1க்கு 10 நிமிடம், தரம் 3க்கு 30 நிமிடம். அதுவும் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து.

இந்தக் கணக்கைப் பக்கங்களாக மாற்றாமல் நிமிடமாகவே வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பக்கக் கணக்கு ஒரு பிள்ளைக்கு ஏழு நிமிடம், இன்னொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம். ஆகவே "இருபது நிமிடம் செய், எங்கே நிற்கிறாயோ அங்கே ஒரு கோடு போடு, வீட்டில் பெரியவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கு" என்று சொல்லி அனுப்பலாம். கோடு மூன்றாவது கணக்கில் விழுந்திருக்கிறதா, பன்னிரண்டாவதிலா என்று காலையில் பார்த்தாலே அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன தேவை என்பது தெரியும். எத்தனை சரி, எத்தனை பிழை என்று எண்ணுவதைவிட அந்தக் கோடு எனக்கு அதிகம் சொல்கிறது.

மெல்லக் கற்பவருக்கு ஒன்று, இடைநிலைக்கு ஒன்று, மீத்திறனுள்ளவருக்கு ஒன்று என்று தினமும் மூன்று தாள் தயாரிக்கச் சொன்னால் எந்த ஆசிரியராலும் முடியாது. முப்பத்தைந்து பிள்ளை, போட்டோக் கொப்பிச் செலவு, பதிவேடு, கூட்டம் எல்லாம் எனக்கும் தெரியும். ஒரே வேலையைப் பல வாசல் வைத்துக் கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

உதாரணத்துக்கு, வீட்டிலுள்ள ஏதாவது ஒரு சாமான் பைக்கற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எழுத்துப் பழகும் பிள்ளை பைக்கற்றிலுள்ள தமிழ் எழுத்துகளில் தனக்குத் தெரிந்தவற்றைச் சுற்றி வட்டம் போடும். வாசிக்கத் தொடங்கிய பிள்ளை பெயர், நிறை, விலை, காலாவதித் திகதி நான்கையும் பார்த்தெழுதும். கணக்கில் ஓடுகிற பிள்ளை, 400 கிராம் பால்மாப் பைக்கற்றின் விலையை வைத்து ஒரு கிலோவுக்கு என்ன விலை வரும் என்று கண்டுபிடித்து, கடையில் ஒரு கிலோப் பைக்கற்றின் விலையையும் கேட்டு, எது லாபம் என்று வந்து சொல்லும். இரண்டரைப் பைக்கற் சேர்ந்தால்தான் ஒரு கிலோ என்ற இடத்தில் அது கொஞ்சம் திணறும். திணறட்டும். தலைப்பு ஒன்று, மேசையில் இருப்பதும் பைக்கற்தான், அதனால் யாரும் யாருடைய கொப்பியைப் பார்த்தும் கூச்சப்படத் தேவையில்லை.

கூச்சம் என்பது சின்ன விஷயமில்லை. குழுக்களுக்கு ரோசா, தாமரை, மல்லிகை என்று பூப்பெயர் வைத்தாலும் எது 'மொக்குக் குழு' என்பதை இரண்டாம் நாளே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அதனால் வாசலைப் பிள்ளையே தெரிவுசெய்ய விடுவது என் வழக்கம். தொடக்கத்தில் கெட்டிக்காரப் பிள்ளை சுகமானதை எடுக்கும், இயலாத பிள்ளை வீம்புக்குக் கடினமானதை எடுக்கும். அப்போது ஒரு சொல் சொல்லித் திருப்பிவிட்டால் போதும்.

கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போய் வந்தால் வழமையாக 'கன்னியா பற்றிப் பத்து வசனம் எழுதுக' என்றுதான் கொடுப்போம். வருவது எல்லாம் ஒரே பத்து வசனம்: ஏழு கிணறு, தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் அவற்றை உண்டாக்கிய கதை. பிள்ளை தன் உடம்பால் உணர்ந்த சூடு அதில் எங்கும் இராது. 'எந்தக் கிணற்று நீர் கூடச் சுட்டது, உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை ஏழு சதுரம் கீறி அதிகம் சுட்டதற்குக் கடும் சிவப்பு அடித்து வரும். ஒரு பிள்ளை வாயால் சொல்லும். இன்னொன்று, பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளுக்குள் ஏன் சூடு வித்தியாசப்படுகிறது என்று நம்மிடமே திருப்பிக் கேட்கும்.

வாயால் சொல்வதையும் வீட்டுவேலையாக ஏற்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எழுத்துகளைப் பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளைக்கு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் ஞாபகம் அபாரமாக இருக்கலாம். அது வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்பட்டும். போன் தகப்பனோடு போய்விடும் வீடென்றால் காலையில் என் மேசைக்கு வந்து சொல்லட்டும். வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் இப்படியான வேலைக்கு உதவுவார். வாடைக்காற்று எந்த மாதம் வரும், கச்சான் காற்று எப்போது, கரைவலையில் என்னென்ன மீன் படும் என்று பேரப்பிள்ளை கேட்டு வந்தால் சுற்றாடல் பாடத்துக்கு அதைவிட நல்ல வீட்டுவேலை இல்லை. பாடசாலை வாசலில் ஒதுங்கி நின்ற அம்மம்மாவுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும்.

கெட்டிக்காரப் பிள்ளைகளைத்தான் நாம் அதிகம் தண்டிக்கிறோம். பத்தை முடித்த பிள்ளைக்கு இன்னும் பத்து. கெதியாய்ச் செய்ததற்குக் கிடைத்த பரிசு கூடுதல் சுமை என்றால் அடுத்த முறை அது மெதுவாகத்தான் செய்யும். அதற்கு எண்ணிக்கையைக் கூட்டாமல் திசையை மாற்றிக் கொடுங்கள்: "விடை 224 வரும்படி மூன்று கழித்தல் கணக்கை நீயே உருவாக்கு, ஒன்றிலாவது நடுவில் பூச்சியம் இருக்கவேண்டும்."

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பெற்றோர் பதறுவது எனக்கு விளங்குகிறது. தரம் 3இலேயே ரியூசன், மாதிரி வினாத்தாள் என்று ஓடும் வீடுகள் நகரில் நிறைய. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவரவர் பிள்ளையின் கொப்பியைக் கையில் கொடுத்து, "நீங்கள் எழுதியது எது, பிள்ளை எழுதியது எது என்று காட்டுங்கள்" என்று கேட்பேன். அதன் பிறகு பேச்சு தானாகவே ஆரம்பிக்கும்.

வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து அந்தப் பழக்கத்தைக் கைவிடுங்கள். வெளியே நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் முதல் கணக்கை அதனோடு சேர்ந்து தொடங்கியிருக்கலாம். "ஏன் செய்யவில்லை?" என்றால் பிள்ளை தலையைக் குனியும். "எந்த இடத்தில் நின்றுவிட்டாய்?" என்று கேளுங்கள், விரலை வைத்துக் காட்டும்.