மின்காருக்கு ஏன் புதிய அடித்தளம் வேண்டும்?

பெட்ரோல் காரிலிருந்து இன்ஜினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மோட்டாரையும், காலியாகக் கிடக்கும் இடங்களில் பேட்டரியையும் பொருத்திவிட்டால் மின்கார் தயார் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிச் செய்யவும் முடியும். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2014-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இ-கோல்ஃப், ஏறத்தாழ அந்த வழியில் பிறந்த கார்தான். ஆனால் அதே நிறுவனம் சில ஆண்டுகளிலேயே அந்த வழியை விட்டு விலகி, மின்கார்களுக்கென்றே தனியான அடித்தளம் ஒன்றை உருவாக்கியது. அதற்காக ஒரு தொழிற்சாலையையே மாற்றியமைத்தது. பெயர்பெற்ற பழைய கார் நிறுவனங்களின் மின்மயத் திட்டங்கள் ஏன் இவ்வளவு செலவு பிடிக்கின்றன, ஏன் அடிக்கடி தள்ளிப்போகின்றன என்று அறிய விரும்புபவர், அவற்றின் அறிவிப்புகளைப் படிப்பதைவிடக் காரின் தரைக்குக் கீழே குனிந்து பார்ப்பது நல்லது.

அடித்தளம் என்பது வெளித்தோற்றத்தைத் தீர்மானிக்கும் தகடுகளுக்கு அடியில் இருக்கும் எலும்புக்கூடு. சக்கரங்களுக்கு இடையிலான தூரம், எடை தாங்கும் சட்டங்கள், மோதலின்போது எந்தப் பகுதி நசுங்க வேண்டும் என்ற கணக்கு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஒரே அடித்தளத்தின் மேல் பல மாடல்களைக் கட்டுவதால்தான் பெரிய நிறுவனங்களுக்குச் செலவு குறைகிறது. வழக்கமான பெட்ரோல் காரின் அடித்தளம் முன்பக்கம் கனமான இன்ஜின், தரையின் நடுவே புகைக்குழாய் செல்லும் மேடு, பின் இருக்கையின் அடியில் எரிபொருள் தொட்டி என்ற ஏற்பாட்டை நம்பி வடிவமைக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டைக் குலைப்பது பேட்டரியின் எடைதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. 50 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் அதில் சுமார் 450 கிலோவாட் மணி இருக்கும். அந்தப் பெட்ரோலின் எடையோ 40 கிலோவைக்கூடத் தொடாது. அன்றாட ஓட்டத்தில் இன்ஜின் இந்த ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கிவிட்டு, கால் பங்கை ஒட்டிய அளவையே சக்கரங்களுக்கு அனுப்புகிறது. மின்மோட்டார் அப்படியல்ல, கிடைத்த மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் இயக்கமாக மாற்றிவிடும். எனவே மின்காருக்கு அவ்வளவு ஆற்றலைச் சுமந்து செல்லும் தேவை இல்லை. ஆனால் அந்தக் குறைந்த ஆற்றலைச் சேமிப்பதற்கே, ஃபோக்ஸ்வாகனின் ஐடி.3 காரில் பொருத்தப்பட்ட 77 கிலோவாட் மணி பேட்டரி அரை டன்னை நெருங்கும் எடை கொண்டதாக இருக்கிறது. நாற்பது கிலோ எரிபொருளுக்கு எந்த மூலையிலும் இடம் கண்டுபிடிக்கலாம். அரை டன்னுக்கு அப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

இ-கோல்ஃபில் இந்தச் சிக்கல் வெளிப்படையாகவே தெரிந்தது. பெட்ரோல் கோல்ஃபுக்காக வகுத்த தரையில், நடு மேட்டுக்குள் கொஞ்சமும் இருக்கைகளின் அடியில் கொஞ்சமுமாகப் பேட்டரியைப் பிரித்து அடைக்க வேண்டியிருந்தது. அதன் கொள்ளளவு முதலில் 24.2 கிலோவாட் மணி. 2017-இல் இடத்தை மாற்றாமல் மேம்பட்ட மின்கலங்களைக் கொண்டு அதை 35.8 கிலோவாட் மணியாக உயர்த்தினார்கள். அப்போதும் ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 230 கிலோமீட்டர்தான் ஓடும். பேட்டரியைச் சுற்றித் திரவக் குளிர்விப்பும் இல்லை. ஓட்டுவதற்கு இனிய கார் என்று பெயர் எடுத்தாலும், அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையை அணிந்தவரைப் போலவே அது இருந்தது.

2019 செப்டம்பரில் பிராங்பர்ட் கண்காட்சியில் அறிமுகமான ஐடி.3, எம்இபி என்ற புதிய அடித்தளத்தில் கட்டப்பட்டது. கோல்ஃபின் நீளமே கொண்ட கார்தான் அது. ஆனால் முன்பக்கம் பெரிய இன்ஜினுக்கு இடம் ஒதுக்கத் தேவையில்லாததால், சக்கரங்களைக் காரின் நான்கு மூலைகளுக்கும் தள்ள முடிந்தது. முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் கோல்ஃபைவிட 13 சென்டிமீட்டருக்கும் மேல் கூடி, 2,770 மில்லிமீட்டர் ஆனது. அந்த இரு அச்சுகளுக்கு நடுவே தட்டையான அலுமினியப் பெட்டிக்குள் பேட்டரி படுத்திருக்கிறது. எடை முழுவதும் தரையோடு ஒட்டியிருப்பதால் வளைவுகளில் கார் சாய்வது குறைகிறது.

பெட்டியின் உள்ளே இருக்கும் கணக்கு எளிமையானது. ஒரு லித்தியம் அயனி மின்கலம் ஏறத்தாழ 3.7 வோல்ட் தரும். 24 மின்கலங்கள் சேர்ந்து ஒரு தொகுதி. 58 கிலோவாட் மணி பேட்டரியில் இத்தகைய 9 தொகுதிகள், அதாவது 216 மின்கலங்கள். அவற்றை இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் இணைத்து, அந்த 108 இணைகளையும் தொடராகக் கோத்தால் 400 வோல்ட் கிடைக்கிறது. கூடுதல் தூரம் வேண்டுமென்றால் தொகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். காரை மறுபடி வடிவமைக்க வேண்டாம். பெட்டியின் அடியில் ஓடும் குளிர்விப்புத் திரவம், கோடையிலும் வேகமான மின்னேற்றத்தின்போதும் மின்கலங்களின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. இ-கோல்ஃப் கொடுத்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தூரம் ஐடி.3-க்குச் சாத்தியமானது இதனால்தான்.

மோட்டார் பின் அச்சில் இருக்கிறது. முன்சக்கரங்களுக்கு உந்துதண்டு தேவையில்லாமல் போனதால் அவை அதிகக் கோணத்தில் திரும்புகின்றன, 10.2 மீட்டர் விட்டத்துக்குள் காரைத் திருப்பிவிடலாம். பின்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்குக்குப் பதிலாகப் பழைய டிரம் பிரேக் இருப்பதைக் கண்டு சிலர் இதைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்தார்கள். உண்மையில், வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே மின்னாக்கியாக மாறிச் செய்துவிடுவதால் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. திறந்திருக்கும் டிஸ்க் பயன்படாமலே துருப்பிடிக்கும், மூடிய டிரம்முக்கு அந்தத் தொல்லை இல்லை. இதில் என் ஓட்டு பொறியாளர்களுக்கே.

பெட்ரோல் இன்ஜின் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் நல்ல விசை தரும். அதனால்தான் ஐந்தாறு கியர்கள். மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு விசையைத் தருவதோடு, நிமிடத்துக்கு 16,000 சுழற்சி வரை செல்லும். சுழற்சி வேகத்தைக் குறைக்கும் ஒற்றைப் பல்சக்கர அமைப்பு போதும். பல்லாண்டுகளாகக் கியர்பாக்ஸ் செய்துவந்த ஃபோக்ஸ்வாகனின் காசல் ஆலையில் இப்போது இந்த மோட்டார்கள் உருவாகின்றன.

இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு நிறுவனம் துணிந்ததில் நெருக்கடிக்கும் பங்கு உண்டு. சோதனை நடக்கிறதா என்பதை உணர்ந்து, அப்போது மட்டும் டீசல் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் பயன்படுத்தியதை 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அம்பலப்படுத்தியது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வாகனங்கள் அதில் சிக்கின. தூய்மையான டீசல் என்ற பாதை அத்துடன் அடைபட்டது. ஒருகாலத்தில் டிராபண்ட் கார்கள் உருவான கிழக்கு ஜெர்மனியின் ட்ஸ்விக்காவ் நகரில், 120 கோடி யூரோ செலவில் ஆலை மாற்றியமைக்கப்பட்டு, 2019 நவம்பரில் மின்கார் உற்பத்தி தொடங்கியது. 2020 ஜூனில் அங்கிருந்து கடைசி எரிபொருள் கார் வெளியேறியது.

எல்லா நிறுவனங்களும் ஒரே வழியைத் தேர்ந்துகொள்ளவில்லை. ஹூண்டாய் இரண்டு வழியிலும் நடக்கிறது. அதற்குச் சான்று சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலேயே இருக்கிறது. 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்து அங்கே கோக்கப்பட்ட ஐயோனிக் 5, மின்காருக்கென்றே பிறந்த தளத்தில் அமைந்தது. அச்சுகளுக்கு இடையே 3,000 மில்லிமீட்டர். அதன் மின்னமைப்பு 800 வோல்ட் வகையைச் சேர்ந்தது. மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும். கம்பிகளில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது நான்கில் ஒன்றாகக் குறையும். அதனால்தான் 350 கிலோவாட் மின்னேற்றியில் 10-இலிருந்து 80 சதவீதத்தை 18 நிமிடத்தில் எட்ட முடிகிறது. 2025 ஜனவரியில் வந்த கிரெட்டா எலெக்ட்ரிக்கோ, அச்சுகளுக்கு இடையே 2,610 மில்லிமீட்டர் கொண்ட பெட்ரோல் கிரெட்டாவின் அதே உடலில் 42 அல்லது 51.4 கிலோவாட் மணி பேட்டரியைச் சுமக்கிறது. இதைக் குறைபாடு என்று ஒதுக்குவது சரியல்ல. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தி வரிசையையும் உதிரிபாகங்களையும் பயன்படுத்தலாம். மின்கார் எத்தனை விற்கும் என்று தெரியாத சந்தையில் அது விவேகமான பந்தயம்.

தனி அடித்தளத்தின் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஆலை முழுவதையும் மின்காருக்கே ஒப்படைத்துவிட்டு, விற்பனை எதிர்பார்த்த வேகத்தில் உயராவிட்டால், அதே வரிசையில் பெட்ரோல் காரைச் செய்து ஈடுகட்ட முடியாது. 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் குறைக்கப்படும். முன்னோடியாக மாறிய ட்ஸ்விக்காவ் ஆலையிலிருந்தே ஐடி.3 உற்பத்தி வுல்ஃப்ஸ்பர்க் நகருக்கு இடம் மாறும்.

இயந்திரப் பகுதியைவிட நிறுவனத்தை அதிகம் தடுமாற வைத்தது மென்பொருள்தான். வழக்கமான காரில் கண்ணாடிக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று பல நிறுவனங்கள் செய்து தரும் கட்டுப்பாட்டுக் கணினிகள் 70 வரை இருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள். ஐடி.3-இல் இவற்றைச் சில மையக் கணினிகளாகச் சுருக்க முயன்றார்கள். 2020 செப்டம்பரில் முதல் கார்கள் வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தபோது சில வசதிகள் முடிவடையாமல் இருந்தன. அடுத்த ஆண்டு புதுப்பித்துத் தருவதாகச் சொல்லப்பட்டது. மென்பொருளுக்கென்றே தொடங்கிய காரியாட் நிறுவனமும் பின்னர் தாமதங்களில் சிக்கியது. கடைசியில் 2024-இல் ரிவியன் என்ற இளம் அமெரிக்க நிறுவனத்துடன் ஃபோக்ஸ்வாகன் கூட்டுச் சேர்ந்தது; அதற்காக 580 கோடி டாலர் வரை முதலீடு செய்ய ஒப்புக்கொண்டது. ரிவியன் தன் கார்களில் வேலைவாரியாக அல்லாமல் காரின் பகுதிவாரியாகக் கணினிகளைப் பிரித்து, தானே எழுதிய மென்பொருளால் 17 கணினிகளை 7 ஆகக் குறைத்திருந்தது. அதனால் ஒவ்வொரு காரிலும் இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான கம்பி மிச்சமாகியிருந்தது. இந்த முறையைத் தன் பெயரில் முதலில் ஏற்கும் கார், 2027-இல் சுமார் 20,000 யூரோ விலையில் வரவிருக்கும் சிறிய மின்காராக இருக்கும் என்று 2025 மார்ச்சில் ஃபோக்ஸ்வாகன் அறிவித்தது.