ஒரே வளைவில் நின்ற மோட்டார் சைக்கிள்

கொட்டகலைப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த அவருடைய தாத்தா, தாய்நாட்டுக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவரிடம் வாங்கிய பி.எஸ்.ஏ. எம் 20 மோட்டார் சைக்கிள், ஏறக்குறைய 40 ஆண்டுகளாகக் குவாட்டர்ஸின் பின்புறத்து விறகுக் கொட்டிலில் கிடக்கிறதாம். அதை மீண்டும் ஓடவைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் பெட்டரி வைக்கும் தட்டே துருப்பிடித்து விழுந்துவிட்டது; பெட்டரி இல்லாமல் பிளக்கில் பொறி எங்கிருந்து வரும் என்று கேட்கிறார். காந்தத்திலிருந்து வரும் என்று கராஜில் சொன்னார்களாம். அப்படியானால் இத்தனை காலத்தில் அந்தக் காந்தம் செத்துப்போயிருக்காதா என்பது அவருடைய அடுத்த கேள்வி.

காந்தம் அனேகமாக நலமாகவே இருக்கும். வயதாகிச் செத்திருப்பது அதன் பக்கத்தில் இருக்கும் ஒரு சுருட்டுக் காகிதம். அந்தக் காகிதத்திடம் நானும் என் மாமாவும் ஒரு வருடம் ஏமாந்திருக்கிறோம் என்பதால், இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன்.

எம் 20 என்பது 1937 முதல் பர்மிங்ஹாமின் ஸ்மோல் ஹீத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வண்டி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது மட்டும் பிரித்தானியப் படைகளுக்காக ஏறக்குறைய 126,000 வண்டிகள் தயாராயின. 496 கன சென்ரிமீற்றர் கொண்ட ஒரே சிலிண்டர், பக்க வால்வு, சுமார் 13 குதிரைவலு. வேகத்துக்குப் பேர்போன வண்டி அன்று, ஆனால் மட்டமான பெற்றோலையும் குடித்துக்கொண்டு எந்த மேட்டிலும் முனகியபடி ஏறிவிடும்.

நெடுங்காலம் கிடந்த வண்டியை எழுப்பும் வேலையில் பெரும்பகுதி எல்லா கராஜ்காரருக்கும் தெரிந்ததே. துருவினால் சிலிண்டரில் இறுகிய பிஸ்டனுக்குப் பிளக் துளை வழியாக டீசலும் என்ஜின் ஒயிலும் கலந்து ஊற்றிப் பத்து நாள் பொறுத்திருந்து, கிக்கரை மிதிக்காமல் கியரில் போட்ட பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தே விடுவிக்க வேண்டும். பழைய பெற்றோலின் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போய், மிஞ்சியது பிசினாகக் காபரேட்டரின் துளைகளை அடைத்திருக்கும். டாங்கியின் உட்புறத் துருவைச் சிற்றிக் அமிலம் கரைத்துவிடும். பூசை போட்டுப் புதுவண்டியின் சக்கரத்துக்கு அடியில் நசுக்கும் எலுமிச்சம்பழத்தில் இருப்பதும் அதே அமிலந்தான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. டயர், கேபிள், பிரேக் லைனிங் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, மாற்றிவிட வேண்டும். இவ்வளவும் ஆனபின் மிஞ்சுவது பொறி.

என்ஜினுக்கு அருகே பித்தளை மூடியுடன் பொருந்தியிருக்கும் அந்தக் கருவிக்கு மெக்னீட்டோ என்று பெயர். கராஜில் 'மெக்னட்' என்பார்கள். அதற்குள் அசையாத வலிய காந்தம் ஒன்றும், அதன் இரு முனைகளுக்கும் நடுவே சுழலும் ஆமேச்சரும் இருக்கின்றன. ஆமேச்சரின் மென்னிரும்பு அகணியின்மீது தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகள் கொண்ட முதற்சுருளும், அதற்கு மேல் தலைமயிர் போன்ற கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட துணைச்சுருளும் சுற்றப்பட்டிருக்கும். சுருளினூடாகச் செல்லும் காந்தப் புலத்தின் அளவான காந்தப் பாயம் மாறினால், சுருளில் மின்னியக்க விசை, அதாவது வோல்ட்டு, தோன்றும் என்று 1831 இல் பரடே காட்டியதைச் சாதாரண தரத்திலேயே படித்திருக்கிறோம். ஆகவே ஆமேச்சர் சுழல்கிறது, பாயம் மாறுகிறது, மின் பிறக்கிறது, பொறி பாய்கிறது என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன், அது தவறு. கிக்கரை மிதிக்கும் வேகத்தில் ஆமேச்சர் சுழல்வதால் மட்டும் பொறி பாயும் அளவுக்கு வோல்ட்டு கிடைக்காது. பொறிக்குப் பல ஆயிரம் வோல்ட்டு வேண்டும்.

அந்த ஆயிரங்களைப் பெற இந்தக் கருவி செய்யும் தந்திரத்தை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. முதற்சுருளின் இரு நுனிகளும் 'பொயின்ட்' எனப்படும் ஒரு சோடி உலோகப் புள்ளிகளால் மூடப்பட்டிருக்கும். ஆமேச்சர் சுழன்று, அதனூடாகப் பாயும் காந்தப் பாயம் திசை மாற வேண்டிய கட்டத்தை நெருங்கும்போது, மூடிய முதற்சுருளில் சில அம்பியர் மின்னோட்டம் எழுகிறது. லென்சின் விதிப்படி அந்த மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே எதிர்க்கிறது, அதாவது மாற இருக்கும் பாயத்தை மாறவிடாமல் பிடித்து வைக்கிறது. ஆமேச்சரோ நிற்காமல் திரும்புகிறது. வெளியே காந்தம் 'மாறு' என்கிறது, உள்ளே மின்னோட்டம் 'மாட்டேன்' என்கிறது. இந்த இழுபறி உச்சத்தை அடையும் அதே கணத்தில், பொயின்ட்டுகளைச் சுற்றியுள்ள வளையத்தின் ஒரு மேடு அவற்றை வெறும் 0.3 மில்லிமீற்றர் விலக்கிவிடுகிறது. மின்னோட்டம் அறுகிறது. பிடித்து வைத்திருந்த கை விட்டதும் பாயம் ஒரே பாய்ச்சலில் எதிர்த்திசைக்குத் தாவுகிறது. மாற்றத்தின் அளவு பழையதுதான், அது நடக்கும் நேரம் மட்டும் பன்மடங்கு சுருங்கிவிட்டது. மின்னியக்க விசை மாற்றத்தின் வீதத்தைப் பொறுத்தது என்பதால், முதற்சுருளில் சில நூறு வோல்ட்டும் துணைச்சுருளில் அதன் பல மடங்கும் எழுகின்றன.

மேட்டுத் தொட்டியிலிருந்து லயத்துக்கு நீண்ட இரும்புக் குழாயில் தண்ணீர் இறங்கும் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. பீலியடியில் முழுவேகத்தில் ஓடும் குழாயைப் படாரென மூடினால், மேலே உள்ள குழாய் வரிசை முழுவதும் 'டம்' என்று அதிரும். ஓடிய நீரின் வேகம் போக்கிடமின்றி அமுக்கமாக மாறுகிறது. வெப்பக் காற்றுப் பலூனால் பெயர் பெற்ற ஜோசப் மொங்கோல்பியே 1796 இல் இந்த அதிர்ச்சியைக் கொண்டே, வேறு எரிபொருள் எதுவுமின்றி ஓடை நீரில் ஒரு பகுதியை ஓடையைவிட உயர்ந்த மேட்டுக்கு ஏற்றும் பம்பு ஒன்றைச் செய்தார். மெக்னீட்டோவும் ஒருவகையில் அந்தப் பம்புதான். இரண்டிலும் ஓட்டம் நிறுத்தப்படும்போதே காரியம் நடக்கிறது. 3000 சுழற்சியில் ஓடும் எம் 20 இல் இந்த நிறுத்தம் செக்கனுக்கு 25 தடவை நிகழ்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. விலகத் தொடங்கும் பொயின்ட்டுகளுக்கு இடையே முதலில் மயிரிழை அளவு இடைவெளிதான் இருக்கும். எழுந்துவரும் வோல்ட்டு அந்த இடைவெளியையே தாண்டிச் சுடராகப் பாய்ந்தால் மின்னோட்டம் அறுபடாமல் இழுபடும், பாயமும் மெதுவாகவே மாறும். அதைத் தடுக்கப் பொயின்ட்டுகளுக்கு இணையாக ஒரு கொள்ளளவி, அதாவது கண்டென்சர், பொருத்தப்பட்டிருக்கும். கதவு சாத்தப்படும் கணத்தில் ஓடிவரும் கூட்டத்தை இஸ்தோப்பு தாங்கிக்கொள்வதைப்போல, பொயின்ட்டுகள் போதிய தூரம் விலகும்வரை மின்னோட்டத்தை அது வாங்கிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் அதை மெழுகில் தோய்த்த காகிதத்தையும் உலோகத் தாளையும் சேர்த்துச் சுருட்டி, ஆமேச்சரின் ஒரு கோடியில் பித்தளை மூடிக்குள் வைத்தார்கள். நான் சொன்ன சுருட்டுக் காகிதம் அதுதான்.

மாமாவின் எம் 20 நானுஓயாவில் ஒரு கராஜில் உயிர்பெற்றது. முதல் கிக்கிலேயே எடுத்தது, ஊரே கைதட்டியது. ஆனால் நுவரெலியாவை நோக்கி ஏறும்போது, புறப்பட்டுக் கால் மணி நேரத்தில் ஒரு வளைவில் இருமி நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே வளைவு, அதற்கடுத்த வாரமும் அதே வளைவு. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கே ரோதமுனி என்று காவல் தெய்வம் கண்ட மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த வளைவில் முனி இருக்கிறது என்று முடிவாக நீண்ட நேரம் எடுக்கவில்லை. சேவலுக்கும் தேங்காய்க்குமாக மாமா செலவழித்த பணத்தில் ஒரு புது டயர் வாங்கியிருக்கலாம்.

எனக்கு உறுத்தியது ஒன்றுதான்: நுவரெலியாவிலிருந்து இறங்கி வரும்போது வண்டி அந்த வளைவில் நிற்பதில்லை. இறக்கத்தில் முனி தூங்குமா? கராஜ் பாஸிடம் சொல்லி ஒரு நாள் வண்டியை ஸ்டார்ட் செய்து, கராஜ் வாசலிலேயே இருபது நிமிடம் ஓடவிட்டுப் பிறகு புறப்பட்டோம். அன்று வளைவுக்கு மிக முன்னதாக, முதல் தேநீர்க் கடைக்கு எதிரிலேயே நின்றது. முனி இடம் மாறிவிட்டது. குளிர்ந்த என்ஜின், ஒரே ஏற்றம், ஒரே வேகம் என்பதால் ஒவ்வொரு தடவையும் மெக்னீட்டோ ஒரே அளவு சூடேற ஒரே தூரம் பிடித்திருக்கிறது. நாற்பது வருட மூடுபனியில் ஈரம் உறிஞ்சிய காகிதம், குளிரில் ஓரளவு தாங்கியது. சூடேறியதும் மின்னைக் கசியவிட்டது.

பாஸ் ஆமேச்சரைக் கழற்றிய நாள் நினைவிருக்கிறது. பழைய தபால் கந்தோரில் முத்திரை வைக்கும்போது எழுமே, அதே அரக்கு வாசனை. சுருள்களுக்குக் காவலாகப் பூசப்பட்டிருந்ததும் அரக்குதான், 80 பாகை செல்சியசை எட்டுவதற்கு முன்பே இளகிவிடும் பொருள். அது உருகி வழிந்து, கருப்பட்டிப் பாகுபோல ஓரங்களில் உறைந்திருந்தது. பித்தளை மூடிக்குள் இருந்த கண்டென்சரை அவர் ஊசியால் நெம்பியபோது, ஊறிய பீடி இலைபோலத் தாள் தாளாகக் கழன்று வந்தது.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1925 இல் தொடங்கப்பட்டது. கொழுந்தின் ஈரத்தை அவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்த இந்த மலைகளில், காகிதமும் அரக்கும் இறப்பரும் மூடுபனியில் எப்படி மூப்படைகின்றன என்று அளப்பதற்கும் சிறிது பணம் ஒதுக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றும். வானொலிப் பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் இங்கே அதே நோயில்தான் சாகின்றன. நான் படித்த பாடசாலையில் மின்காந்தத் தூண்டலைச் சோக்கட்டியால் கற்பித்தார்கள். சுருளும் கல்வனோமானியும் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியிருந்தன. சாவி யாரிடம் இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

கொட்டகலை வாசகர் செய்ய வேண்டியது இதுதான். பிளக்கை வெளியே எடுத்து என்ஜினில் சாய்த்துவைத்துப் பொறி பார்த்துவிட்டு மெக்னீட்டோ நல்லது என்று முடிவு செய்ய வேண்டாம். வெளிக்காற்றில் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டச் சுமார் 3000 வோல்ட்டு போதும். சிலிண்டருக்குள் காற்று ஏறக்குறைய ஐந்து மடங்கு நெருங்கியிருக்கும்போது தேவை வெகுவாகக் கூடிவிடும். கையடக்க மீற்றரை நம்பியும் கண்டென்சருக்கு நற்சான்றிதழ் கொடுக்க வேண்டாம்; அதன் 9 வோல்ட்டு பெட்டரிக்கு ஒழுங்காக நிற்கும் காகிதம், 300 வோல்ட்டு வந்தால் நிற்காது. பழையதைக் கேள்வி கேட்காமல் அகற்றி, 0.15 முதல் 0.2 மைக்ரோபரட் வரையிலான, உயர் வோல்ட்டைத் தாங்கும் புதிய கொள்ளளவியைப் போடச் சொல்லுங்கள். இன்று அது கடலைப் பருப்பு அளவில் கிடைக்கிறது. ஆமேச்சரை உருவும்போது காந்தத்தின் இரு முனைகளையும் ஒரு மென்னிரும்புத் துண்டால் இணைத்து வைக்க வேண்டும். 40 ஆண்டு கொட்டிலில் கிடந்தும் வலுவிழக்காத காந்தம், கராஜ் மேசையில் வெறுமையாகக் கிடந்தால் சற்று வலுவிழக்கும். ஸ்டார்ட் செய்யும்போது பொறி நேரத்தை முழுவதும் பின்தள்ளிவிடவும் கூடாது. பொயின்ட்டு திறக்கும் கணம் அந்த இழுபறியின் உச்சத்தைவிட்டு விலகிப்போவதால் பொறி மெலிந்துவிடும்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே உச்சியில் வண்டி சற்றுச் சோர்ந்து கறுப்புப் புகை தள்ளினால் மெக்னீட்டோவைத் திட்ட வேண்டாம், மெலிந்த காற்றுக்கு ஏற்பப் பெற்றோலைக் குறைத்துவிடும் சிறிய ஜெட் காபரேட்டருக்குத் தேவை.

புதிய கண்டென்சருடன் நாங்கள் முதல் தடவை ஏறியபோது வண்டியைப் பாஸ்தான் ஓட்டினார், நான் பின்னால் இருந்தேன். அந்த வளைவு வந்தது. என்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை. வளைவைத் தாண்டியதும் அவரே வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைக்காமல் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார்.