உங்கள் வீட்டு டிவி டிஜிட்டலா? 2022 மாற்றியதும் மாற்றாததும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் டிவி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிறவர்கள் பழுதைச் சொல்வதற்கு முன் வேறொன்றைக் கேட்கிறார்கள்: "அண்ணே, டிஜிட்டல் வரப்போகுதாமே, இந்த டிவி இனி வேலை செய்யுமா?" வேலை செய்யும். இதை நம்பாமல் நல்ல டிவியைக் கழித்துவிட்டு, புதிதாக வாங்கியதிலும் பழைய அன்டனாவை மாட்டி, அதே புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிவி மெல்லியதாகச் சுவரில் தொங்குகிறது என்பதால் வீட்டுக்கு வரும் ஒளிபரப்பு டிஜிட்டல் ஆகிவிடாது. கூரை அன்டனாவில் நாம் எடுக்கும் ரூபவாஹினி, வசந்தம், சக்தி எல்லாம் அனலாக்தான். 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினியும் தொடங்கிய காலத்து முறை அது. டயலொக் டிவியும் பியோ டிவியும் டிஜிட்டல். ஆனால் ஒன்று டிஷ் வழியாகவும் மற்றது டெலிகொம் இணைப்பு வழியாகவும் வருகின்றன. அங்கே டிகோடரே எல்லா வேலையையும் முடித்து, எச்.டி.எம்.ஐ வயரில் படத்தை மட்டும் தருகிறது. டிவிக்குள் எந்த டியூனர், அதாவது ஒளிபரப்பைப் பிடிக்கும் பகுதி, இருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை.

அப்படியானால் "வரப்போகிறது" என்பது என்ன? அன்டனாவில் வரும் ஒளிபரப்பை டிஜிட்டலாக மாற்றும் திட்டம். 2014இல் இலங்கை இதற்காக ஜப்பானிய முறையான ஐ.எஸ்.டி.பி-டியைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவுடன் சுமார் 1370 கோடி யென் கடனுக்கு ஒப்பந்தமும் ஆனது. அதற்கு முன்பே, 2012இல், பேர வாவி ஓரத்தில் தாமரைக் கோபுரம் எழும்பத் தொடங்கியிருந்தது. 350 மீட்டர் உயரத்தில் நின்று கொழும்பு முழுவதற்கும் ஒளிபரப்ப வேண்டியது அது. டிஜிட்டல் கடன் ஜப்பானிடம், கோபுரம் சீனாவிடம், இரண்டையும் இழுத்துக்கொண்டு நம் அரசாங்கங்கள்.

பிறகு 2022 வந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அதோடு ஜப்பானியக் கடனில் நடந்த திட்டங்கள் நின்றன, இதுவும் நின்றது. செப்டம்பர் 15இல் கோபுரம் மக்களுக்குத் திறக்கப்பட்டது, 500 ரூபாவுக்கும் 2000 ரூபாவுக்கும் டிக்கெட் போட்டு. மேலே ஏறி ஊரைப் பார்க்கலாம், அவ்வளவுதான். 2024 ஜூலையில் ஜைக்கா மறுபடி பணம் விடுவிக்கச் சம்மதித்த 11 திட்டங்களில் டிவி டிஜிட்டல்மயமும் ஒன்று. இப்போது நீங்கள் கேள்விப்படும் பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது.

2022இல் டிவித் தொழிலைப் புரட்டியது இது மட்டுமல்ல. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. புதிய டிவி எட்டாக்கனியானது, உதிரிப்பாகம் வருவதும் குறைந்தது. உடைந்த டிவிகளிலிருந்து போர்டு கழற்றிப் போட்டுத்தான் பிழைத்தோம். இன்னொரு பக்கம், மாலை ஏழு மணிக்கு நாடகம் ஓடும் நேரத்தில் மின்வெட்டால் ஊரே இருட்டு. விளம்பரம் கொடுத்தவன் யாருக்குக் காட்டுவான்? செய்தி பார்க்கிறவர்கள் போனுக்குப் போனார்கள். ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கிப் பார்த்தது, அன்றே திறக்கவும் வேண்டியதாயிற்று. ஜூலை 13ஆம் திகதி போராட்டக்காரர்கள் ரூபவாஹினிக்குள் நுழைந்து, ஒருவர் நேரலையிலேயே பேசினார், பிறகு ஒளிபரப்பு நின்றது. எங்கள் தெருவில் பலர் அதைப் பார்த்தது டிவியில் அல்ல, போனில். டிவியை விட்டுப் போன பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வரவேயில்லை என்பது என் கணிப்பு. அன்டனா சரிசெய்யக் கூப்பிடும் அழைப்புகள் அதற்குப் பிறகு முன்பு போல இல்லை. கிரிக்கெட் வந்தால் மட்டும் கூப்பிடுவார்கள்.

இனி, என் மேசைக்கு வந்த விஷயம். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு. ஏ, பி, சி என்று குழு குழுவாக அட்டவணை. அந்த மாதங்களில் செத்த டிவிகள் பெரும்பாலும் கரண்ட் போனதால் சாகவில்லை, வந்ததால் செத்தன. ஒரு வட்டாரத்துக்கு மின்சாரம் திரும்பும் கணத்தில் எல்லா வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் மோட்டாரும் ஒன்றாக இழுக்கும், வோல்டேஜ் இறங்கும், ஏறும். ரிமோட்டில் அணைத்த டிவி அப்போதும் மின்சாரத்தோடு இணைந்தே இருக்கிறது. பவர் போர்டில் உள்ள சிறு நீல வில்லை அடியைத் தானே வாங்கிக்கொண்டு போர்டைக் காப்பாற்றும், ஆனால் எத்தனை அடிதான் தாங்கும்? ஒவ்வொரு அடியிலும் அது பலவீனமாகிறது. பிறகு ஒரு நாள் சாதாரண ஏற்ற இறக்கத்திலேயே போர்டு போகும். "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்பார்கள். நேற்றுவரை இருந்தது உண்மைதான்.

ஆகவே கரண்ட் போனதும் டிவியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், அல்லது சுவிட்ச்சை அணையுங்கள். திரும்பி வந்து ஐந்து, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். "வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்று பலர் சொல்கிறார்கள். அது உங்களை ஷொக்கிலிருந்து காப்பாற்றுவதற்கு, டிவியை வோல்டேஜிலிருந்து காப்பாற்றுவதற்கு அல்ல. மலிவான சிறு ஜெனரேட்டரில் டிவியும் ஃபிரிட்ஜும் சேர்த்து ஓட்டுவது அதைவிட மோசம். ஃபிரிட்ஜ் நிற்கும் நொடியில் வோல்டேஜ் துள்ளும், அந்தத் துள்ளலில் போன பவர் போர்டுகள் நிறையக் கண்டேன். மின்வெட்டுக் காலம் முடிந்துவிட்டது என்று இதை ஒதுக்காதீர்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தது என்று நாடே இருட்டானது நினைவிருக்கும்.

மின்னல் தனிக்கதை. மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி கேட்கும் முன்பே அன்டனா வயரை டிவியிலிருந்து கழற்றிவிட வேண்டும். பிளக்கை மட்டும் கழற்றி வயரை விட்டுவைத்தால் அது மெயின் போர்டுக்கு நேர் வழி. இடி தொடங்கிய பிறகு வயரைத் தொடப் போகாதீர்கள்.

சரி, வாங்கும் விஷயம். கடையில் "டிஜிட்டல் டியூனர் உண்டு" என்பார்கள். பெட்டியில் டி.வி.பி-டி2 என்று போட்டிருந்தால் அது வேறு முறை. நம் நாடு எடுத்த ஐ.எஸ்.டி.பி-டியை அது பிடிக்காது. இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டு வந்த டிவிக்கும் இதே கதை. பயப்பட வேண்டாம், ஒளிபரப்பு மாறும் நாளில், டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடித்து டிவிக்குத் தரும் ஒரு செட்-டொப் பெட்டி வாங்கி மாட்டினால் போதும். எச்.டி.எம்.ஐயோ, சிவப்பு-வெள்ளை-மஞ்சள் ஏ.வி துளையோ இருக்கும் எந்த டிவியும், பழைய குண்டு டிவி உட்பட, படம் காட்டும். ஆனால் அந்தப் பெட்டியை இன்றைக்கே வாங்கி வைக்காதீர்கள், எடுப்பதற்கு ஒளிபரப்பு வேண்டுமல்லவா.

"டிஜிட்டல் அன்டனா" என்று விற்பதும் அப்படித்தான். அன்டனாவுக்கு அனலாக், டிஜிட்டல் என்று வேறுபாடு தெரியாது, அது அலையைப் பிடிக்கும், அவ்வளவே. கொழும்பில் படத்துக்குப் பக்கத்தில் நிழல் போல இன்னொரு படம் விழுவது மாடிக் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையால். அதற்கு சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் போட்டால் நிழலும் சேர்ந்து பெரிதாகும். அன்டனாவின் திசையை மாற்றிப் பாருங்கள், செலவில்லை. டிஜிட்டலில் இந்த நிழல் இருக்காது. சிக்னல் போதாவிட்டால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். ஜப்பானிய முறையில் எனக்குப் பிடித்த ஒன்று, அனர்த்த எச்சரிக்கையை ஒளிபரப்போடு சேர்த்தே அனுப்பும் வசதி. 2004 டிசம்பரைப் பார்த்த ஊர் நம்முடையது.

மாதச் சந்தாவில் ஆயிரம் சேனல் தரும் பெட்டி விற்கிறார்களே, அதைப் பற்றியும் கேட்கிறார்கள். உரிமமில்லாத வியாபாரம், ஒரு வருடக் காசை முன்பணமாகக் கட்டாதீர்கள்.

டிவி வாங்கும்போது மாடல் இலக்கத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். "ஐ.எஸ்.டி.பி-டி இருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னால் அதையும் அந்தப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடைக்கா பஞ்சம்.