வாட்டர்மார்க்: நீர்க்குறியா, கரந்துறை முத்திரையா?

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிக்குப் போனால் பார்க்கலாம். காசு வாங்குபவர் 500 ரூபாய்த் தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். வெறுமையாக இருந்த இடத்தில் காந்தியின் முகம் தெரியும். பக்கத்திலேயே 500 என்ற எண். அதுதான் வாட்டர்மார்க். தமிழில் நீர்க்குறி என்கிறோம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் வெள்ளம் வடிந்த பின் கல்லில் நிற்கும் கறைக்கோட்டையும் குறிக்கும். நம் கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் இறங்கியதும் தெரிகிறதே, அந்தக் கோடு. காகிதத்தில் உள்ள குறிக்கும் தண்ணீருக்கும் அவ்வளவு உறவில்லை. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபேப்ரியானோ ஊர்க்காரர்கள் கூழ் வடிக்கும் சல்லடையில் கம்பியை வளைத்துத் தைத்தார்கள். கம்பிமேல் கூழ் மெல்லிசாகப் படியும். காய்ந்ததும் அந்த வடிவம் வெளிச்சத்தில் தெரியும். ஆனாலும் நீர்க்குறி என்பது காகிதத்துக்குப் பழகிவிட்டது, இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படத்துக்கும் குரலுக்கும் அதையே சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஏனென்றால் சட்டங்கள் இரண்டு குறிகளைப் பேசுகின்றன. 2025 செப்டம்பர் 1 முதல் சீனா கண்ணுக்குத் தெரியும் அடையாளம், கோப்புக்குள் மறைந்த அடையாளம் என்று பிரித்தே கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, கணினி படித்தறியும் குறி வேண்டும் என்கிறது. 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறையில் உள்ள நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின் திருத்தமும் வெளிப்படையான லேபிளோடு, தொழில்நுட்பம் இடம்கொடுக்கும் அளவுக்கு, நீக்க முடியாத மெட்டாடேட்டாவையும் (கோப்போடு சேர்ந்து வரும் விவரக் குறிப்பு) கேட்கிறது.

தெரிவதற்கு 'முகப்புக்குறி' போதும். மறைந்திருப்பதற்கு நம்மிடமே ஓர் அருமையான சொல் உண்டு: கரந்துறை. எழுத்துகளை வைத்து விளையாடும் சித்திரகவி என்ற செய்யுள் வகையில், ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்து வைப்பதைக் கரந்துறைச் செய்யுள் என்பார்கள். எடுத்துப் படிக்கும் முறை தெரிந்தவருக்கே அது கிடைக்கும். படத்தின் புள்ளிகளில் கண்ணுக்கு எட்டாத அளவு நிறத்தை மாற்றிக் குறி பதிப்பதும் அச்சு அசல் அதே வேலை. ஆகவே 'கரந்துறை முத்திரை' என்பேன்.

மெட்டாடேட்டாவை இதோடு சேர்க்கக் கூடாது. அது மாங்கூடையில் கட்டிய சீட்டு மாதிரி. படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலே அவிழ்ந்துவிடும். புள்ளிகளில் கலந்த முத்திரை அவ்வளவு எளிதில் போகாது. பலமாக வெட்டித் திருத்தினால் அதுவும் சிதையலாம். செய்தியில் 'வாட்டர்மார்க் இருக்கிறது' என்று படித்தால், முகப்புக்குறியா, சீட்டா, கரந்துறை முத்திரையா என்று கேளுங்கள்.