செத்த பல்லி ஏன் விழவில்லை?

டியூப்லைட்டை மாற்றக் கழற்றியபோது, அதன் பின்னால் சுவரில் ஒரு செத்த பல்லி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்ததாம். உயிர் போன பிறகும் எப்படி விழாமல் இருக்கிறது, காலில் பசை இருக்கிறதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பசை இல்லை. பசை சுரக்கும் சுரப்பியே பாதத்தில் கிடையாது. காற்றழுத்தத்தால் பிடிக்கும் உறிஞ்சுகிண்ணமும் இல்லை, காற்று நீக்கிய அறையிலும் பல்லி ஒட்டுகிறது. நிலைமின்சாரமோ என்று சந்தேகப்பட்ட டெல்லிட் என்ற ஜெர்மானியர், 1934இல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிச் சுற்றியுள்ள காற்றை அயனியாக்கி, மின்னூட்டம் தங்க முடியாதபடி செய்து பார்த்தார். அப்போதும் பல்லி விழவில்லை. கடைசியில் 2000, 2002ஆம் ஆண்டுகளில் கெல்லர் ஆட்டம் என்ற அமெரிக்க உயிரியலாளரின் குழுவினர் செய்த சோதனைகள் காட்டியது, பள்ளியில் நாம் படித்த வாண்டர்வால்ஸ் விசையைத்தான். எந்த இரண்டு பொருளும் மிக மிக நெருங்கினால் அவற்றின் மூலக்கூறுகளுக்கிடையே தோன்றும் மெல்லிய ஈர்ப்பு அது.

அப்படியானால் நம் கை ஏன் சுவரில் ஒட்டவில்லை? போதுமான அளவு நெருங்குவதில்லை, அவ்வளவுதான். வழவழப்பாகத் தெரியும் சுவரும் மூலக்கூறு அளவில் மேடுபள்ளம். பல்லி இதற்குக் கண்ட வழி முடி. டோக்கே என்ற பெரிய பல்லியின் நான்கு பாதங்களிலும் சேர்த்து சுமார் 65 லட்சம் நுண்முடிகள். ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் நீளம். ஒவ்வொரு முடியின் நுனியும் நூறு முதல் ஆயிரம் கிளைகளாகப் பிரிந்து, தட்டையான சின்னஞ்சிறு கரண்டிகளாக முடிகிறது. ஒரு கரண்டியின் அகலம் 0.2 மைக்ரான், ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு என்பதால் சாதாரண நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியாது. இந்த முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பிடித்தால் 130 கிலோவைத் தாங்கும் என்பது கணக்கு!

சரி, இவ்வளவு பலமாக ஒட்டினால் அது ஓடுவது எப்படி? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ஒட்டுவதா விடுவதா என்பதை முடியின் சாய்வு தீர்மானிக்கிறது. பாதத்தை அழுத்தி லேசாக இழுத்ததும் முடிகள் சாய்ந்து, கரண்டிகள் சுவரில் படிந்து பிடிக்கின்றன. சுவருக்கும் முடிக்கும் உள்ள கோணம் ஏறக்குறைய 30 டிகிரியைத் தாண்டினால், செல்லோடேப்பை ஓரத்திலிருந்து உரிப்பதுபோல் ஒவ்வொரு கரண்டியாக விட்டுவிடுகிறது. அதற்காகவே பல்லி விரல்களை நுனியிலிருந்து மேல்நோக்கிப் பின்புறமாகச் சுருட்டுகிறது. நம் விரல் அப்படி மடங்காது. ஓடும்போது ஒரு நொடிக்குள் பல தடவை இது நடக்கிறது.

ஆகவே, ஒட்டியிருக்கப் பல்லி பாடுபட வேண்டியதில்லை. விடுபடத்தான் தசை வேலை செய்ய வேண்டும். செத்த பல்லிக்கு விரலைச் சுருட்ட ஆள் இல்லை. உடல் எடை பாதத்தைச் சுவரோடு ஒட்டிக் கீழே இழுப்பதால் முடிகள் சாய்ந்தபடியே கிடக்கின்றன. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அப்போதுதான் இறந்த பல்லியின் பாதமும் உயிருள்ளதற்குச் சமமான விசையுடன் பிடித்ததை அளந்தே காட்டினார்கள்.

நனைந்த கண்ணாடியில் இந்தப் பிடி வெகுவாகக் குறைந்துவிடும், டெஃப்லானிலும் சரியாக ஒட்டாது. பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தில் பலன் தேடுகிறவர்கள், அது எங்கிருந்து விழுந்தது, அந்த இடம் ஈரமா என்று ஒரு தடவை பார்க்கலாம். தலையில் விழுந்தால் கலகம் என்கிறார்கள். கலகம் பெரும்பாலும் பஞ்சாங்கத்தைப் புரட்டிய பிறகுதான் தொடங்குகிறது.

"பல்லியின் காலை ஆராய்ந்து என்ன லாபம்?" என்று நிதி ஒதுக்கும் குழுவில் யாராவது கேட்டிருப்பார்கள். மான்செஸ்டரில் இயற்பியலாளர் ஆந்த்ரே கைம் குழு 2003இல் பிளாஸ்டிக் முடிகளாலான 'பல்லி டேப்' ஒன்றைச் செய்தது. காந்தப்புலத்தில் தவளையை மிதக்கவிட்டவரும், பிறகு கிராஃபீன் என்ற ஓரணுத் தடிமனுள்ள கரிமப் படலத்துக்காக 2010இல் நோபல் பெற்றவரும் இதே கைம்தான். இப்படி விளையாட்டாக யோசிப்பவர்களுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க நம் ஊரிலும் மனசு வர வேண்டும்.

அந்த டேப்பில் ஒரு குறை இருந்தது. சில தடவை ஒட்டி எடுத்ததும் முடிகள் ஒன்றோடொன்று சிக்கி வீணாகின. பல்லிக்கு அந்தத் தொல்லை இல்லை. தூசி படிந்த பாதம் சுத்தமான பரப்பில் சில அடிகள் வைத்தாலே தானாகத் துப்புரவாகிவிடும். தூசித் துகளை முடி பிடிப்பதைவிடச் சுவர் வலுவாகப் பிடித்துக்கொள்கிறது.