கட்சிக் கொடி இல்லாத வீடியோ

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு எடிட்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, இவைதான் சோறு போடுகிற வேலை. தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள், முடிந்ததும் பாக்கி வைத்துவிட்டுக் காணாமல் போவார்கள். இப்போது சில வருஷங்களாக ஒரு தரப்பு மட்டும் தேர்தல் இல்லாத மாதங்களிலும் வருகிறது. சாமி, மரபு, குடும்ப மானம், சாதிப் பெருமை என்று பேசுகிறவர்கள். கட்சி ஒன்றல்ல, இரண்டு மூன்று உண்டு. கேள்வி மட்டும் ஒன்றுதான்: "அண்ணே, சினிமா, டிவி எல்லாம் அவங்க கையில இருக்கு. நம்ம ஆளுங்க உள்ள போறது எப்படி?"

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. யார் வேலை கொடுத்தாலும் எடிட் செய்வேன். கேட்டவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். உள்ளே போக நினைப்பவர்களைவிட, வீட்டில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பவர்களுக்கு இது அதிகம் உதவும்.

சினிமாவைப் பிடிக்காதவர்களால் சினிமாவைப் பிடிக்க முடியாது. இதற்கு நம் ஊரில் நல்ல உதாரணம் பழைய காங்கிரஸ். சத்தியமூர்த்தி நாடக மேடைக்காரர்களை மதித்தார், கே.பி. சுந்தராம்பாளைக் கட்சிக் கூட்டங்களில் பாடவைத்தார். 1943-ல் சத்தியமூர்த்தி இறந்தபின் அந்த வேலையைத் தொடர ஆளில்லை. ராஜாஜிக்கு சினிமா என்றாலே ஆகாது. அந்தப் பக்கம், 1949-ல் தொடங்கிய தி.மு.க.வில் தலைவர்களே உட்கார்ந்து வசனம் எழுதினார்கள். 1952-ல் வந்த பராசக்தியின் வசனத்தை ஜனங்கள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். 1967-ல் ஆட்சி மாறியது. சினிமா மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், இந்தி எதிர்ப்பும் அரிசித் தட்டுப்பாடும் இருந்தன. ஆனால் கோட்டைக்குப் போகிற பாதை டூரிங் டாக்கீஸ் வழியாகவும் போகிறது என்பது ஒரு தரப்புக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு தரப்பு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றது.

இதில் வேடிக்கை, பக்திக்கும் மரபுக்கும் தமிழ் சினிமாவில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. 1965-ல் திருவிளையாடல் வந்து சக்கைப்போடு போட்டது. பெரியார் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த அதே காலம்தான். நாத்திகர்களும் அந்தப் படத்தை ரசித்தார்கள் என்றால் அதன் தமிழுக்காக, பாட்டுக்காக, தருமிக்காக. யாரையோ திட்டுவதற்காக எடுத்த படம் அல்ல அது. இன்று என்னிடம் வரும் ஸ்கிரிப்டுகளில் முதல் பக்கத்திலேயே எதிரி வந்து நின்றுவிடுகிறான். மூன்றாம் பக்கத்தில் பார்க்கிறவன் தூங்கிவிடுகிறான்.

தூர்தர்ஷன் 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை ராமாயணம் தொடரை ஒளிபரப்பியது. அப்போது தில்லியில் நடந்தது காங்கிரஸ் ஆட்சி. அறுவடை வேறு கட்சிக்குப் போனது. 1991 தேர்தலில் சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் குஜராத்தில் பா.ஜ.க. சார்பில் ஜெயித்து எம்.பி. ஆனார்கள். (ராவணனும் சீதையும் ஒரே கட்சி. ராமராக வந்த நடிகர் அருண் கோவில் எம்.பி. ஆவதற்கு 2024 வரை ஆனது.) அந்தத் தொடரின் எந்த எபிசோடிலும் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்கப் பழமைவாதிகளும் இதே புலம்பலை ரொம்ப காலம் புலம்பியவர்கள்தான். ஹாலிவுட் நம்மை மதிப்பதில்லை, பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பக்கம் என்று. சர்ச்சையான விஷயங்களில் வானொலியும் டிவியும் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. 1987-ல் அதைக் கைவிட்டார்கள், ஒரு பக்கம் மட்டும் பேசினாலும் போதும் என்றானது. அடுத்த வருஷமே பழமைவாதியான ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுக்கப் போக ஆரம்பித்தது. அவர் பிரசங்கம் செய்யவில்லை, நக்கலடித்தார். அதனால் லாரி ஓட்டுகிறவர்களும் கேட்டார்கள். 1996-ல் பத்திரிகை முதலாளி முர்டோக், பழமைவாதிகள் பக்கம் நிற்கிற ஃபாக்ஸ் நியூஸ் சேனலைத் தொடங்கினார்.

சினிமாவில் அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு இன்னும் சுவாரஸ்யம். ஹாலிவுட் நடிகர் மெல் கிப்சன் இயேசுவின் பாடுகளைச் சொந்தக் காசில் படமாக்கி 2004-ல் வெளியிட்டார். வெளிவரும் முன்பே போதகர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். சர்ச்சுகள் மொத்தம் மொத்தமாக டிக்கெட் வாங்கின. உலக வசூல் 60 கோடி டாலரைத் தாண்டியது. அப்புறம் 2023-ல் சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம், குழந்தைக் கடத்தலைப் பற்றிய படம். பெரிய ஸ்டுடியோவிடம் வருஷக்கணக்கில் கிடந்த படத்தை ஏஞ்சல் ஸ்டுடியோஸ் வாங்கி, பொதுமக்களிடம் சிறுகச் சிறுக முதலீடு திரட்டி வெளியிட்டது. படம் முடிந்ததும் திரையில் ஒரு கியூஆர் கோடு: உங்களுக்குத் தெரியாத யாருக்காவது ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுங்கள். அமெரிக்காவில் மட்டும் 18 கோடி டாலருக்கு மேல் வசூல். விமர்சகர்களை மாற்ற அவர்கள் மெனக்கெடவில்லை. ஏற்கெனவே ஒரு இடத்தில் கூடியிருக்கிற கூட்டத்தைத் தியேட்டருக்கு அழைத்து வந்தார்கள்.

"நம்மகிட்ட சர்ச் இல்லையே அண்ணே" என்று ஒரு தம்பி கேட்டான். ஏன் இல்லை? திருவிழாக் கமிட்டி, சாதிச் சங்கம், கோயில் வாட்ஸ்அப் குரூப் எல்லாம் என்னவாம்? 2020-ல் வந்த திரௌபதி படம் கூட்டு நிதியில் எடுத்ததுதான். பெரிய நடிகர் கிடையாது. அதன் கருத்து எனக்கு உவப்பில்லை, காதல் கல்யாணத்தையே சதியாகப் பார்க்கிற கதை. ஆனால் ஆள் சேர்த்த விதத்தில் அமெரிக்கக்காரர்கள் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள்.

இன்னொரு வழி, நேராகக் கடையையே வாங்கிவிடுவது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் வீட்டில் பிரெஞ்சு செய்தி பார்ப்பவர்கள் உண்டு, அவர்களைக் கேட்டால் வின்சென்ட் பொலோரே பெயரைச் சொல்வார்கள். பெரிய தொழிலதிபர், பழமையில் பற்றுள்ள கத்தோலிக்கர். அவர் கைக்குப் போன செய்திச் சேனலில் 2016-ல் ஊழியர்கள் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள், நிறைய பேர் வெளியேறினார்கள். 2017-ல் சேனலின் பெயர் சீநியூஸ் என்று மாறியது. 2024-ல் அதுதான் அந்நாட்டுச் செய்திச் சேனல்களில் முதலிடம் பிடித்தது. இதற்குக் கலைத்திறமை எதுவும் வேண்டாம், பணப்பெட்டி போதும். நம் மாவட்டத்து ஆட்கள் யாரும் அந்த வழியில் போகப் போவதில்லை, அதனால் விடுகிறேன்.

இங்கே நடப்பது சின்ன அளவில். ஒரு வீடியோவைப் பிரித்துக் காட்டுகிறேன். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுப்பட்ட ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். அதில் எடுத்த அரை நிமிஷம். முதலில் ட்ரோனில் கடல். அடுத்து சாமியின் முகம், பூ அலங்காரம். தவில் ஏறுகிற இடத்தில் கட். ஒரு பாட்டி கைகூப்புகிறார், அதை மட்டும் ஸ்லோமோஷனில் இழுப்போம். கடைசியில் நாலு பையன்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்குகிறார்கள், தோளில் துண்டு. அந்தத் துண்டின் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கச் சொல்வார்கள். கட்சிப் பெயர் கிடையாது, சின்னம் கிடையாது, தலைவர் படம் கிடையாது. மூலையில் பக்கத்தின் பெயர் மட்டும், ஏதோ ஊர்ப் பெயரும் "சொந்தங்கள்" என்ற சொல்லும். பார்க்கிறவர்கள் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். துபாயில் இருக்கிற பிள்ளைகள் கண்கலங்கிப் பகிர்கிறார்கள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. பாட்டியின் பக்தி நிஜம், நானும் ரசித்துத்தான் வெட்டுவேன். வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஒரு வருஷம் சாமி, சமையல், பழைய கடலூர் போட்டோ என்று ஓட்டினால் பக்கத்துக்கு ஆள் சேர்ந்துவிடும். பிறகு பக்கம் கைமாறும், இல்லை பெயர் மாறும். தேர்தலுக்குச் சில மாதம் இருக்கும்போது முதல் அரசியல் பதிவு விழும், அதுவும் கேள்வி மாதிரி: "நம்ம கோயில் நிலம் எங்க போச்சு?" பின்தொடர்கிறவர்களுக்கு அது அரசியல்வாதி கேட்கிற கேள்வியாகத் தெரியாது. சொந்தக்காரர் கேட்கிற மாதிரி இருக்கும்.

ஃபேஸ்புக்கில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். பக்கத்தின் அறிமுகப் பகுதியில் பேஜ் டிரான்ஸ்பரன்சி என்று இருக்கும். எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதை அது காட்டும். "கடலூர் சமையல்" என்று பிறந்த பக்கம் இன்று வேறு பெயரில் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். காசு கொடுத்து ஓட்டுகிற விளம்பரங்களை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஆட் லைப்ரரியில் தேடலாம். இந்தியாவில் 2019 முதல் அரசியல் விளம்பரம் என்றால் யார் காசு என்று போட வேண்டும். வாட்ஸ்அப்பில் இந்த வசதி எதுவும் கிடையாது. பலமுறை பகிரப்பட்டதற்கு அடையாளமாக இரட்டை அம்புக்குறி வரும், அவ்வளவுதான்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். தேர்தல் நோட்டீஸ் அடித்தால் அச்சகத்தின் பெயரும் வெளியிடுகிறவர் பெயரும் இருக்க வேண்டும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ. வேட்பாளர் டிவியிலோ சமூக வலைதளத்திலோ விளம்பரம் போட்டால் தேர்தல் விளம்பரங்களைப் பார்த்துச் சான்று தரும் எம்.சி.எம்.சி. குழுவிடம் முன்சான்று வாங்க வேண்டும். ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை தடவை இதற்காகக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் பென்டிரைவோடு நின்றிருப்பேன்! ஆனால் ஒருவர் தன் சொந்தப் பக்கத்தில் போடுகிற வீடியோவுக்கு அந்தச் சான்று தேவையில்லை. மாசி மகம் வீடியோவுக்கு எந்த ஊரில் யார் சான்று கேட்பார்கள்?

மிரட்டினால் செல்வாக்கு வரும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் 1993-ல் நடந்த காவல் மரணத்தை வைத்து எடுத்த ஜெய் பீம் 2021 நவம்பரில் வந்தது நினைவிருக்கும். ஒரு காட்சியில் பின்னால் தொங்கிய காலண்டரில் வன்னியர் சங்கத்தின் சின்னமான அக்னி கலசம் இருந்தது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. காலண்டரை மாற்றினார்கள், இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். எடிட்டராகச் சொல்கிறேன், சில விநாடிகளே வரும் பின்னணி அது. புண்பட்டவர்கள் கேட்பது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் படம் ஜனங்கள் மனதில் அப்படியே இருக்கிறது. எதிர்ப்பால் ஒரு காலண்டரைக் கழற்ற முடிந்தது, அந்தக் கதைக்கு எதிராக இன்னொரு கதை எழுத முடியவில்லை. 2006-ல் பா.ம.க. தரப்பில் தொடங்கிய மக்கள் தொலைக்காட்சியும் சினிமாவே வேண்டாம் என்று ஒதுக்கி வைத்து நல்ல தமிழில் நிகழ்ச்சி நடத்தியது. எனக்குப் பிடித்த சேனல்தான். மரியாதை நிறைய கிடைத்தது. சினிமா பார்க்கிற கூட்டம் சினிமா இருக்கிற இடத்துக்கே போய்விட்டது.

அதனால் வருகிறவர்களிடம் கேட்பேன்: உங்களிடம் கதை எழுதத் தெரிந்த ஆள் எத்தனை பேர்? எதிர்க்கட்சிக்காரனும் விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி ஒரு காமெடி எழுத முடியுமா? உங்கள் பிள்ளைகளில் யாராவது விஸ்காம் படிக்கிறார்களா, இல்லை எல்லாரையும் இன்ஜினியரிங் சேர்த்துவிட்டீர்களா? இங்கே கொஞ்சம் நெளிவார்கள். எழுத ஆள் தயார் செய்ய எட்டு, பத்து வருஷம் ஆகும் என்றால் "அதுக்குள்ள ரெண்டு எலெக்‌ஷன் போயிடுமே அண்ணே" என்பார்கள். போகத்தான் செய்யும். எதிர்த் தரப்பும் பழைய வசனகர்த்தாக்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே இன்று என்னிடம் வந்து கேட்பது அதே அரை நிமிஷ ரீல்தான். இரண்டு பேருக்கும் ஒரே டெம்ப்ளேட்டில் போட்டுக் கொடுக்கிறேன், துண்டின் நிறத்தை மட்டும் மாற்றி.